பிடித்த பத்து அல்பங்கள்: ஆண்டு முடிவில் உங்கள் பட்டியலை நீங்களே போடுவது எப்படி?

டிசம்பர் பிறந்தால் போதும், நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு "இந்த வருசத்தின் டொப் 10" என்று இறக்கத் தொடங்கிவிடுவார்கள். போன முறை அதைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையில் இருக்கிற தம்பி ஒருவன், "அண்ணா, எனக்கும் ஒன்று போட ஆசை, ஆனால் ரொக், இண்டி எல்லாம் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், போட்டால் சிரிப்பார்களோ?" என்று தனியாக மெசேஜ் போட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு 2024ஐ எடுத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த ஆண்டின் கொப்பி என்னிடம் முழுதாக இருக்கிறது, அதில் எழுதியவற்றில் எது இன்னும் நிற்கிறது, எது உதிர்ந்துவிட்டது என்று பார்க்கவும் போதிய நாள் போய்விட்டது.

சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. என் முதல் பட்டியலில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஓர் அல்பத்தை முதலாம் இடத்தில் போட்டேன், உண்மையில் அதை ஒன்றரைத் தரம்தான் கேட்டிருந்தேன். அடுத்த ஆண்டு ஒரு கொத்துக் கடையில் கூட்டாளி ஒருவன் சும்மா கேட்டான்: "அதில் உனக்குப் பிடித்த பாட்டு எது மச்சான்?" வாயில் ஒன்றும் வரவில்லை. தட்டில் கொத்து ஆறியதுதான் மிச்சம்.

சரி, தொடங்குவோம். தேவையானவை: ஒரு கொப்பி, ஒரு பேனை, காதுக்கு உறுத்தாத ஹெட்செட், கொஞ்சம் டேட்டா. கொப்பிதான் வேண்டும், போனில் குறித்து வைக்காதீர்கள். ஒரு மே மாத மழையில் என் போன் நனைந்து செத்தபோது ஐந்து மாதக் குறிப்புகளும் அதோடு போயின.

படி 1: எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முதல் தடவையாக வெளிவந்த அல்பம் மட்டும். பழைய அல்பத்தின் மறுபதிப்பு, மேடைப் பதிவு, தொகுப்பு எதுவும் வேண்டாம். இது லேசான விதி மாதிரித் தெரியும், ஆனால் 2024 மார்ச்சில் சிண்டி லீ என்ற கலைஞரின் "டயமண்ட் ஜூபிலி" வந்தபோது குழப்பம் வந்தது. 32 பாட்டு, இரண்டு மணி நேரம், ஸ்பொட்டிஃபையில் இல்லை, கடையில் வட்டும் இல்லை. ஜியோசிட்டீஸ் என்று 1990களில் இருந்த இலவச வலைப்பக்கங்களின் பாணியில் ஒரு வலைத்தளத்திலும் யூடியூபில் ஒரே நீட்டு வீடியோவாகவும் விட்டார்கள். அதை எந்த ஆண்டில் சேர்ப்பது? என் விதி, பொதுசனம் முதலில் கேட்கக்கூடியதாக இருந்த நாள்தான் கணக்கு. வட்டு பிறகு ஆறுதலாக வரட்டும்.

த ஸ்மைல் இசைக்குழுவினர் அந்த ஒரே ஆண்டில் இரண்டு அல்பம் போட்டார்கள், ஜனவரியில் ஒன்று, ஒக்டோபரில் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகவே நடத்துங்கள், கலைஞருக்காகக் கூட்டிப் போடாதீர்கள்.

"இண்டி என்றால் என்ன?" என்று யாராவது சண்டைக்கு வந்தால் ஒதுங்கிப் போங்கள். யுனிவர்சல், சோனி, வோர்னர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, சின்ன நிறுவனங்களில் வந்ததைத்தான் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள், இப்போது அது ஒருவகை ஓசைக்குப் பெயராகிவிட்டது. கிற்றார் இருக்கிறதா, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, போதும்.

படி 2: வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து நிமிடம்

2015 ஜூலையில் இருந்து உலகம் முழுக்கப் புது அல்பங்கள் வெள்ளிக்கிழமையில்தான் வெளிவருகின்றன. அதனால் வெள்ளி பின்னேரம் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து, அந்தக் கிழமை வந்தவற்றில் கண்ணில் பட்ட நாலைந்து பெயர்களைக் கொப்பியில் எழுதுங்கள். பெயர், திகதி, யார் சொல்லித் தெரிந்தது, அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு பக்கம் விடுங்கள்.

எங்கே கேட்பது? ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது, அதற்கு முன்னர் நாங்கள் பட்ட பாடு வேறு கதை. காசு கட்ட விருப்பமில்லை என்றால் பாண்ட்கேம்ப் வலைத்தளத்தைப் பாருங்கள், சின்ன இசைக்குழுக்கள் பல முழு அல்பத்தையும் அங்கே இலவசமாகக் கேட்க விடுகின்றன. யூடியூபில் கேட்பதென்றால் இசைக்குழுவின் சொந்தச் சனலில் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று அவர்கள் மண்டையை உடைத்து யோசித்திருப்பார்கள், அதைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துவிட்டு "அல்பம் கேட்டேன்" என்று சொல்லக்கூடாது.

படி 3: மூன்று தரம், மூன்று இடத்தில்

இதுதான் முக்கியமான படி, மற்றதெல்லாம் எழுத்து வேலை.

முதல் தரம் வழியில் கேளுங்கள். நான் வெள்ளவத்தையில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போகிற 100ஆம் இலக்க பஸ்ஸில்தான் கேட்பேன். பாடகி ஜெசிக்கா பிராட்டின் "ஹியர் இன் த பிட்ச்" அரை மணி நேரம்கூட இல்லை, காலி வீதி நெரிசலில் முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு இன்னொரு தரமும் தொடங்கலாம். இரண்டாம் தரம் இரவில், லைட்டை அணைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. மூன்றாம் தரம் குறைந்தது ஒரு மாதம் கழித்து, எந்த இடம் என்றாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். த கியூர் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் "சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ட் வேர்ல்ட்" 2024 நவம்பர் முதலாம் திகதி வெளிவந்தது, 16 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் போட்ட அல்பம். அதே நாள் பின்னேரம் பஸ்ஸில் போட்டேன். முதல் பாட்டில் பாடகர் ரொபர்ட் ஸ்மித்தின் குரல் வரவே மூன்று நிமிடத்துக்கு மேல் போகும், அதுவரை ட்ரம்ஸும் கீபோர்ட்டும் மெதுமெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் சாரதி பைலா போட்டிருக்கிறார், கொண்டக்டர் பம்பலப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று கத்துகிறார், ஹோர்ன் சத்தம் வேறு. என்னடா இது, பாட்டு தொடங்கவே மாட்டேன் என்கிறதே என்று பாதியில் நிறுத்திவிட்டேன். கொப்பியில் "இழுவை" என்று எழுதினேன், அந்தச் சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து இரவில் போட்டேன். எட்டே பாட்டு, 50 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசிப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல், அதில் பாதிக்கும் மேலே போன பிறகுதான் குரல் வருகிறது. அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது, செத்த வீட்டில் யாரும் கதைக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரம் மாதிரி. ஸ்மித் தன் தாய், தகப்பன், அண்ணன் மூவரையும் இழந்த பிறகு வந்த அல்பம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும், தெரியாமலே அது புரிந்தது. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. பஸ்ஸில் நான் நிறுத்தியது அல்பத்தின் குறை இல்லை.

மறுபக்கமும் நடக்கும். முதல் தரம் துள்ள வைக்கிற சில அல்பங்கள் மூன்றாம் தரத்தில் சோடா கேஸ் போன மாதிரி ஆகிவிடும். பெயர் சொல்ல மாட்டேன், என் கொப்பியில் அப்படி ஏழு இருக்கின்றன.

படி 4: எண்ணிக்கையை நம்பாதீர்கள், ஆனால் பாருங்கள்

ஆண்டு முடிவில் ஸ்பொட்டிஃபை ஒரு கணக்கு அனுப்புமே, ரப்ட் என்று, அதை அப்படியே எடுத்துப் பட்டியலாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே அங்கே ஒரு தரம் கேட்டதாகக் கணக்கு. ஜிம்மில் ஓடவிட்டதும் நித்திரையில் ஓடியதும் அதில் சேர்ந்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம், அது எண்ணுவது பாட்டு ஓடிய தரத்தை, அல்பத்தை முழுதாகக் கேட்ட தரத்தை இல்லை. எட்டுப் பாட்டு உள்ள அல்பத்தில் 96 தரம் என்றால் நீங்கள் அதை 12 முறை முழுதாகக் கேட்ட கணக்கு. 32 பாட்டு உள்ளதில் அதே 96 என்றால் மூன்றே முறை. அதனால் கேட்ட எண்ணிக்கையைப் பாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த விடையைக் கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதி வையுங்கள். சமநிலை வந்தால் பார்ப்பதற்கு மட்டும்.

படி 5: முப்பதைப் பத்தாக்குவது

டிசம்பர் முதல் கிழமையில் மூன்று தரம் தாண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு வழக்கமாக முப்பதுக்குக் கிட்ட வரும். இதில் பத்தை நேரடியாகத் தேடினால் விசர் பிடிக்கும். இரண்டு இரண்டாக எடுத்து மோத விடுங்கள். நான் கேட்கும் கேள்வி இதுதான்: 2022 மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் போனது நினைவிருக்கிறதா? அந்த மாதிரி ஒரு நாள், போனில் சார்ஜ் கொஞ்சம்தான், இந்த இரண்டில் ஒன்றுதான் இறக்கி வைத்திருக்கிறீர்கள். எது இருந்தால் நல்லது? யோசிக்காமல் முதலில் வாயில் வருவது வென்றது.

இப்படித்தான் ஃபொன்டெய்ன்ஸ் டி.சி.யின் "ரொமான்ஸ்", எம்.ஜே. லென்டர்மனின் "மானிங் ஃபயர்வேர்க்ஸ்" இரண்டையும் மோத விட்டேன். டப்ளின் இசைக்குழுவான ஃபொன்டெய்ன்ஸின் நான்காவது அல்பம் "ரொமான்ஸ்", பெரிய ஓசை, பெரிய ஆசை. லென்டர்மன் வட கரோலினாக்காரர், சோம்பலாக இழுத்துப் பாடுவார், கிற்றாரும் அப்படியே, ஆனால் வரிக்கு வரி ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கும். இருட்டில் எனக்கு லென்டர்மன்தான் வேண்டும் என்று வந்தது. அவர்தான் வொக்ஸஹாச்சி என்ற பாடகியின் "டைகர்ஸ் பிளட்" அல்பத்திலும் கூடப் பாடியும் வாசித்தும் இருக்கிறார், ஒன்றைப் பிடித்தால் மற்றதும் கையோடு வரும்.

படி 6: நூறு புள்ளியைப் பங்கு போடுங்கள்

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயோர்க்கின் "வில்லேஜ் வொய்ஸ்" பத்திரிகை 1970களில் தொடங்கிய விமர்சகர் வாக்கெடுப்பின் முறை. ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி, பத்து அல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஆகக் கூடியது 30, ஆகக் குறைந்தது 5. வெறும் வரிசையில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது, இதில் அது வெளியே வந்துவிடும். என் 2024 இப்படி வந்தது: த கியூர் 20, சிண்டி லீ 15, லென்டர்மன் 14, ஃபொன்டெய்ன்ஸ் 12, ஜெசிக்கா பிராட் 10, வொக்ஸஹாச்சி 8, அந்த ஆண்டு பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசு வாங்கிய லீட்ஸ் நகரத்து இசைக்குழுவான "இங்கிலிஷ் டீச்சர்" 6, பிறகு பாடகி பெத் கிப்பன்ஸ், த ஸ்மைலின் ஜனவரி அல்பம், டெல்லி இசைக்குழுவான பீட்டர் கெட் ரெக்கோர்டிங் கோ. மூன்றுக்கும் ஐந்தைந்து. டெல்லிக்காரர்களின் "பீட்டா"வுக்கு ஐந்து குறைவு என்று இப்போது தோன்றுகிறது. மாற்ற மாட்டேன்.

படி 7: ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி

"அருமை", "சூப்பர்", "வேற லெவல்" மூன்றும் தடை. "இந்த அல்பம் மிக அருமையான இசையைக் கொண்டது" என்று எழுதினால் எந்த அல்பத்துக்கும் அதைப் பொருத்தலாம். அதற்குப் பதிலாக எந்தப் பாட்டின் எந்த இடத்தில் என்ன நடந்தது, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எழுதுங்கள். சிண்டி லீக்கு நான் எழுதியது: "ரேடியோ நிலையங்கள் இரண்டுக்கு நடுவில் முள் நின்ற மாதிரி ஓசை. இரண்டாம் மணி நேரத்தில் அம்மா கதவைத் தட்டி, பழைய பாட்டா கேட்கிறாய் என்றார்." எனக்கு அது போதும், அம்மா சொன்னதைவிடச் சரியான விமர்சனம் நான் எங்கும் வாசிக்கவில்லை.

படி 8: போட்டுவிடுங்கள்

டிசம்பர் 31க்கு முன்னர் அவசரப்படாதீர்கள். பெரிய பத்திரிகைகள் பல நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ பட்டியலை வெளியிட்டுவிடுகின்றன, அதனால் டிசம்பரில் வருகிற அல்பங்கள் இரண்டு ஆண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகின்றன. நமக்கு விளம்பரக்காரர் யாரும் காத்திருக்கவில்லையே. திகதியை மேலே எழுதி, புள்ளிகளோடு படம் எடுத்து, குழுவில் போடுங்கள்.

தம்பி ஜனவரி இரண்டாம் திகதி போட்டான். அவனுடைய முதலாவது ஃபொன்டெய்ன்ஸ், 30 புள்ளி. த கியூர் பட்டியலிலேயே இல்லை. கேட்டேன், "அது ஒரே இழுவை அண்ணா" என்றான். எங்கே கேட்டாய் என்று கேட்டேன். பஸ்ஸில்தானாம்.