கிண்ணியாவில் இருந்துகொண்டு கலியாணச் செயலி தேர்வது எப்படி

செயலியை இறக்குவதற்கு முதலே ஒன்றை முடிவு பண்ணிவிடுங்கள்: உங்கள் வலி, அதாவது பெண்ணின் சார்பில் நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பாளர், யார்? அவரிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்? இலங்கை முஸ்லிம்களான நம் ஆட்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவைப் பின்பற்றுபவர்கள். வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஆகவே ஒரு செயலியில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதை நான் பார்ப்பதில்லை. வீட்டாரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே விடுகிறது, ஊருக்கு எவ்வளவு குறைவாகக் காட்டுகிறது, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

எங்கள் வாப்பா மௌத்தாகிவிட்டார். தங்கைக்கு எங்கள் நானாதான் (அண்ணன்தான்) வலி, அவர் இருப்பது கத்தாரில். அதனால் நாங்கள் எடுத்தது மஸ் (Muzz) என்ற செயலி. 2015இல் மஸ்மேட்ச் என்ற பெயரில் லண்டனில் தொடங்கியது, 2022இல் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். அதில் வலியின் மின்னஞ்சலைக் கொடுத்து வைத்தால் உரையாடலின் பிரதி அவருக்குப் போகும். நானா தோஹாவில் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக வாசிப்பார், பிடிக்காததை அன்றிரவே சொல்லிவிடுவார். இன்னொரு நன்மையும் கண்டோம். வலி பார்க்கிறார் என்று தெரிந்ததும், பொழுதுபோக்க வந்தவர்கள் தாமாகவே ஒதுங்கிவிட்டார்கள்.

அடுத்தது படம். கிண்ணியாவில் ஒரு பெண்ணின் படம் ஒருவருக்குத் தெரிந்தால் மஃரிபுக்குள் நாலு வீட்டுக்குத் தெரியும். முகத்தை மங்கலாக வைத்து, நாம் அனுமதித்தவருக்கு மட்டும் தெளிவாகக் காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாத செயலி எவ்வளவு நல்லதென்றாலும் நமக்குச் சரிவராது. திரைப்பிரதி எடுக்க விடமாட்டோம் என்று சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள், பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுக்க யாராலும் முடியும். எவர் கையில் போனாலும் வெட்கப்படத் தேவையில்லாத படத்தைப் போடுங்கள். வீட்டு கேட், பாடசாலைச் சின்னம், வாகன இலக்கம் எதுவும் அதில் விழக்கூடாது.

தூரத்தை வைத்து ஆள் தேடித் தரும் செயலிகள் நம் மாவட்டத்துக்குப் பொருந்துவது குறைவு. திருகோணமலையை நடுவில் வைத்து 50 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பாதி கடல். மிச்சத்தில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, எல்லாம் தெரிந்த முகங்கள், பாதிப் பேர் சொந்தக்காரர். நாட்டின் பெயரைக் கொடுத்துத் தேட முடிகிறதா என்று பாருங்கள். இலங்கை முழுவதையும் கொடுங்கள், வளைகுடாவில் நம் பிள்ளைகள் வேலை செய்யும் நாடுகளையும் சேருங்கள்.

தொழுகை, ஹிஜாப், மத்ஹப் என்று செயலியில் நிறையக் கட்டங்கள் உண்டு. நம் பக்கத்துக் கலியாணம் சிக்கலாவது அவற்றில் இல்லை. கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் வழக்கம். கொழும்புக்காரருக்கோ கண்டிக்காரருக்கோ அது புதிதாக இருக்கலாம். ஆகவே சொந்தமாக எழுதும் இடத்தில் மூன்று விஷயங்களைப் போட்டுவிடுங்கள்: கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருக்க நினைக்கிறீர்கள், வேலைக்குப் போவீர்களா, கைக்கூலி (மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் காசு), சீதனம் பற்றி உங்கள் வீட்டு முடிவு என்ன. தங்கை “கைக்கூலி கேட்பவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்” என்றே எழுதினாள். வந்த அழைப்புகள் குறைந்தன. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. பெண்ணுக்கு மஹர் என்ற மணக்கொடை கொடுக்க வேண்டியவர் கை நீட்டி வாங்குவது என்ன நியாயம்?

மற்றச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சலாம்ஸ், முன்னர் மைண்டர் என்றிருந்தது, மேலைநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. முஸ்லிம் மேட்ரிமோனி இந்தியாவிலிருந்து வருவது. பெற்றோரே பதிவு போடலாம் என்பதால் போன் பழக்கமில்லாத பிள்ளைகளின் வீட்டுக்கு வசதி, ஆனால் விசா வேலையையும் சேர்த்து யோசிக்க வேண்டிவரும். எல்லாருக்குமான டேட்டிங் செயலிகளைத் தொடவே வேண்டாம், அங்கே கலியாணம் பேச வந்தவரைத் தனியாகப் பிரித்தெடுக்க வழியில்லை. காசு கட்டும் திட்டத்துக்கு அவசரப்படாதீர்கள், இலவசமாகப் பார்க்கக்கூடியதை முழுவதும் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் வரும் சரி அடையாளம் செல்ஃபியும் படமும் ஒரே முகம் என்று மட்டும்தான் சொல்கிறது. குணத்தைச் சொல்லாது, ஏற்கெனவே மனைவி இருக்கிறாரா என்றும் சொல்லாது. நம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, மனைவி உள்ளவர் இன்னொரு திருமணம் செய்வதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் காதிக்கு (முஸ்லிம் விவாக நீதிபதிக்கு) அறிவிக்க வேண்டும். அந்தக் கேள்வியை வலி நேரடியாகக் கேட்கட்டும். மாப்பிள்ளையின் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், வேலை இடத்தில் ஒருவரிடமும் விசாரியுங்கள். இது புறம் பேசுவதாகாது. முஆவியாவும் அபூ ஜஹ்மும் பெண் கேட்டபோது ஃபாத்திமா பின்த் கைஸ் றசூலுல்லாஹ்விடம் ஆலோசனை கேட்டார். ஒருவர் ஏழை, மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர், அதாவது அடிக்கும் பழக்கமுள்ளவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களுக்குப் பதிலாக உஸாமா என்பவரை மணந்துகொள்ளச் சொன்னார்கள்.

வீடியோவில் பேசும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பார்சல் வருகிறது, சுங்கத்துக்குக் காசு வேண்டும் என்று தொடங்கினால் அந்த நிமிடமே தடுத்துவிடுங்கள். படத்தை வைத்து மிரட்டினால் தனியாக அழுதுகொண்டிருக்காதீர்கள், வலியிடம் சொல்லுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பேச்சு ஒரு இடத்தில் நிச்சயமானதும் பதிவை மறைத்து வையுங்கள், ஒருவர் கேட்டு வைத்த இடத்தில் இன்னொருவர் கேட்பது நமக்கு விலக்கப்பட்டது. காவின் (கலியாணப் பதிவு) எழுதி முடிந்ததும் கணக்கையே அழித்துவிடுங்கள். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் கணக்கு அழியாது, மாதச் சந்தாவும் நிற்காது. பிளே ஸ்டோருக்குள் போய் சந்தாவைத் தனியாக ரத்துச் செய்ய வேண்டும்.