எந்தப் பனிக்கு எந்த ஸ்கீ: ஒரு ராயபுரத்துக்காரனின் கணக்கு

ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்கீ வாங்குவது எப்படி என்று எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், எங்கள் வீட்டில் ஏற்கனவே சிரித்தாகிவிட்டது. அந்த நீளமான பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிய அன்று, கீழே கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இன்னா தம்பி, துடுப்பா?" என்றார். "இல்லண்ணே, பனில சறுக்குற கட்டை" என்றேன். "எந்தப் பனில?" என்று கேட்டுவிட்டு மறுபடி வலைக்குத் திரும்பிவிட்டார். கிண்டலுக்குக் கேட்டதுதான். ஆனால் காசு கொடுக்கும் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நான் வாங்கியது ரேஸ் வகை. துபாயில் வேலை பார்க்கிற மச்சானின் கூட்டாளி ஒருவர் ஊர் திரும்பும்போது மலிவாகத் தள்ளிவிட்டார். இடுப்பு, அதாவது கட்டையின் நடு அகலம், 67 மி.மீ., உள்ளே இரண்டு அடுக்கு உலோகம், முழங்காலில் வைத்து அழுத்தினாலும் வளையாது. ஸ்கீ துபாய் என்கிற உள்ளரங்கப் பனிச்சரிவில், அங்கே நீளமான சரிவே 400 மீட்டர்தான், கத்தி மாதிரிப் போன கட்டை. அதையே எடுத்துக்கொண்டு ஜனவரி கடைசியில் காஷ்மீரின் குல்மர்க் போய், கொண்டோலா என்கிற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி, 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே அஃபர்வாட் மலையில் இறங்கினேன். முந்தின ராத்திரி முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியிருந்தது. நாலாவது திருப்பத்தில் ஸ்கீயின் மூக்கு பனிக்குள் போய்விட்டது, நான் மட்டும் நிற்காமல் முன்னால் போனேன். கழன்று புதைந்த ஒரு கட்டையைத் தேடித் தோண்டி எடுக்க இருபது நிமிடம்.

அதனால் "நல்ல பெர்ஃபாமன்ஸ் ஸ்கீ எது மச்சான்?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அப்படி ஒரே ஒரு சாமான் கிடையாது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் காஷ்மீரின் ஆரிஃப் கான். கம்பங்களுக்கு நடுவே நெருக்கமாக வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், அதையே அகலமான வளைவில் வேகமாகச் செய்யும் ஜயண்ட் ஸ்லாலம், இரண்டிலும் இறங்கினார். ஆண்கள் ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ., ஜயண்ட் ஸ்லாலத்துக்கு 193 செ.மீ. ஒரே ஆள், ஒரே பனி, இரண்டு வாரத்துக்குள் நடந்த இரண்டு போட்டி, அதற்கே காலில் மாட்டுவது வேறு வேறு. நீங்களும் நானும் ஒரே ஜோடியை வைத்து எல்லா மலையையும் சமாளிக்க நினைக்கிறோம்.

சரி, கடைக்குப் போனதும் பெயிண்டையும் பெயரையும் பார்க்காதீர்கள், ஸ்கீயின் மேல் பொடி எழுத்தில் 128-85-110 என்பது போல ஒரு வரிசை இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். முதல் எண் மூக்கின் அகலம், நடு எண் இடுப்பு, கடைசி எண் வால், எல்லாம் மி.மீட்டரில். பக்கத்தில் R16 என்று இருந்தால், பக்கவாட்டு வளைவை நீட்டி வட்டமாக்கினால் அதன் ஆரம் 16 மீட்டர் என்று அர்த்தம். ஆரம் 12, 13 என்றால் பொசுக்கு பொசுக்கென்று திரும்பும். 20-க்கு மேல் போனால் நீளமான, வேகமான திருப்பத்துக்கு. இந்த நாலு எண்ணில் முக்கியமானது இடுப்பு.

இறுகிய பனிக்கு இடுப்பு ஒல்லியாக இருக்க வேண்டும். காலையில் இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய உத்தராகண்டின் அவுலிச் சரிவு, இரவில் உருகி உறைந்து கண்ணாடி மாதிரி ஆன இடம், துபாய் உள்ளரங்கம், இதற்கெல்லாம் 65-லிருந்து 80 மி.மீ. போதும். இடுப்பு ஒல்லியாக இருந்தால் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குச் சட்டென்று சாயலாம், சாய்ந்தபின் இரும்பு பனியில் பிடிக்கும். விளிம்பின் கோணமும் இங்கேதான் வேலை செய்கிறது. சாதாரணமாக அடிப்பக்கம் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை தீட்டுவார்கள், ஐஸ் அதிகம் என்றால் பக்கவாட்டில் 3. தீட்டியது சரியா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள், நகம் தூளாகச் சீவி வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அந்த ஸ்கீயோடு ஐஸில் இறங்காதீர்கள், வஞ்சிரத்தை மொட்டைக் கத்தியால் துண்டு போடுகிற கதைதான்.

அடுத்தது பவுடர். நம்ம ஏரியாவில் பவுடர் என்றால் கேரம் போர்டில் தூவுவது. அது ஸ்ட்ரைக்கரை ஓட விடும், இது உங்களை முழுங்கும். புதிதாக விழுந்து இறுகாமல் கிடக்கும் பனியில் எடை தாங்க ஒன்றுமில்லை, மேலே மிதக்கத்தான் வேண்டும், மிதக்கப் பரப்பு வேண்டும். படகு கட்டுகிறவரிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். ஒல்லியான அடிப்பாகம் தண்ணீரைக் கிழிக்கும், அகலமானது மேலே நிற்கும். இங்கே இடுப்பு 105 மி.மீட்டருக்கு மேல், மூக்குப் பக்கம் முன்கூட்டியே மேலெழும் ராக்கர் வளைவோடு. ராக்கரே தண்ணீரிலிருந்து வந்த யோசனைதான் என்றால் நம்புவீர்களா? ஷேன் மெக்கான்கி என்கிற வீரர் அலாஸ்காவில் வாட்டர் ஸ்கீயில் பைண்டிங்கை, அதாவது பூட்ஸைக் கட்டையோடு பிடிக்கும் கொக்கியை, பொருத்தி ஆழப்பனியில் இறங்கிப் பார்த்தார். அவருடைய யோசனையில் 2000-களின் தொடக்கத்தில் வொலான்ட் கம்பெனி ஸ்பாச்சுலா என்று தோசைத்திருப்பி போன்ற ஒரு ஸ்கீயை வெளியிட்டது. வளைவு தலைகீழ், நடுப்பாகம் தரையைத் தொட்டு இரண்டு முனையும் தூக்கி நிற்கும். இன்றைய பவுடர் ஸ்கீ எல்லாமே அதன் பேரப்பிள்ளைகள். இன்னொன்று, குல்மர்க்கில் ஸ்கீ ரோந்துக்காரர்கள் கண்காணிக்கும் பகுதிக்கு வெளியே பனிச்சரிவு அபாயம் உண்டு. உடம்பில் புதைந்தால் கண்டுபிடிக்க சிக்னல் விடும் ட்ரான்ஸ்சீவர், முதுகில் மண்வாரியும் பனியைக் குத்தித் தேடும் ப்ரோப் கோலும், கூட உள்ளூர் வழிகாட்டி, இதெல்லாம் இல்லாமல் 110 மி.மீ. ஸ்கீ வைத்திருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

உண்மையில் நாள் முழுக்க ஒரே பனி கிடைக்காது. காலையில் பவுடர், பதினோரு மணிக்கு நாலு பேர் உழுதுவிட்டுப் போன கட்டி கட்டியான பனி, மார்ச்சில் மதியம் என்றால் கரைத்த மாவு மாதிரி ஈரமாக ஒட்டும். நம்மைப் போல வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: அவுலியே கதி என்றால் 80-லிருந்து 88, குல்மர்க் என்றால் 95-லிருந்து 104. நான் இப்போது வைத்திருப்பது 98. ஐஸில் கொஞ்சம் கோபப்படும், ஆழப்பனியில் கொஞ்சம் திணறும், ஆனால் இரண்டிலும் என்னைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

இனி விறைப்பு. ஆசைப்பட்டு ஏமாறுவது இங்கேதான். டைட்டனால் என்று ஓர் அலுமினியக் கலவைத் தகட்டை மர நடுவின் மேலும் கீழும் வைத்து ஒட்டுவார்கள். வேகத்தில் கட்டை அதிராது, உழுத பனியில் இடித்துக்கொண்டு போகும். அதற்கு விலையாக எடையும், வளைக்க உங்கள் தொடை பலமும் வேண்டும். கார்பன் போட்டது லேசு, மேலே நடந்து ஏறுகிறவர்களுக்கு நல்லது, கரடுமுரடில் படபடக்கும். கடையில் ஜோடியை அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர், எடை ஏறியதும் அமுங்கி விளிம்பு முழுவதையும் பனியில் அழுத்தும், இறுகிய பனிக்கு அது கட்டாயம் வேண்டும். முனைக்கு ஒரு சாண் முன்பே இரண்டும் பிரிந்தால் ராக்கர். நடுவை ஒரு கையால் நசுக்கிப் பாருங்கள். சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டால் மெத்து, இரண்டு கையாலும் முடியவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள், கடைக்காரர் "எக்ஸ்பர்ட் மாடல் சார்" என்று எவ்வளவு உசுப்பினாலும்.

நீளத்துக்குப் பெரிய கணக்கில்லை. நிமிர்த்தி வைத்தால் ஸ்லாலம் வகை தாடையிலிருந்து மூக்கு வரை, கலப்புப் பனிக்கு மூக்கிலிருந்து நெற்றி வரை, பவுடருக்குத் தலை உயரம் அல்லது கொஞ்சம் மேலே. ராக்கர் உள்ளது பனியில் தன் நீளத்தைவிடக் குட்டையாக நடந்துகொள்ளும், அதனால் அதில் ஐந்து செ.மீ. கூட எடுக்கலாம். மேடு மேடாகக் குவிந்த சரிவிலும், இடுக்கான செங்குத்திலும் இதைவிடக் குட்டையாக, கொஞ்சம் மெத்தாக இருப்பது நல்லது.

கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பூட்ஸை வாங்குங்கள், ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள். கால் உள்ளே ஆடினால் எந்தக் கட்டையும் சொன்ன பேச்சு கேட்காது. கழன்ற கட்டை சரிவில் ஓடாமல் பிடிக்கும் பைண்டிங் பிரேக்கின் அகலம் இடுப்புக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். கழலும் அளவை, அதாவது டின் எண்ணை, எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், சறுக்கும் பாணி எல்லாம் பார்த்து அட்டவணைப்படி வைப்பார்கள். விழும்போது கழன்றுவிடுகிறதே என்று நீங்களாகவே ஏற்றி வைத்தால் முழங்கால் ஜவ்வு போகும். அப்புறம், நம்ம தெருவில் லேத் பட்டறை இருக்கிறது, துளை போட்டுத் தர அண்ணன் இருக்கிறார் என்று கிளம்பாதீர்கள். உலோக அடுக்கு உள்ளதற்கு 4.1 மி.மீ., இல்லாததற்குப் பெரும்பாலும் 3.5 மி.மீ. துளை, ஆழம் 9 மி.மீ. சுமாருக்கு, அதற்கென்று துளை இடத்தைக் காட்டும் சட்டம் வைத்துப் போடுவது. ஆழம் கூடிப்போனால் அடிப்பக்கம் வழியாக வானம் தெரியும்.

மலைக்காரர்கள் யாரும் சொல்லாத, கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று இருக்கிறது. துரு. ஸ்கீ விளிம்பு இரும்பு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் கம்பிக்கே என்ன கதி என்று தெரியும். முதல் வருஷம் பையோடு பரணில் போட்டேன், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்தபோது விளிம்பு முழுக்கச் செம்மண் நிறம். அம்மா நல்லது செய்வதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார், அடிப்பக்கத்தில் தூசி அப்பி அதைச் சுத்தம் செய்வது தனி வேலையாகிவிட்டது. செய்ய வேண்டியது இதுதான்: ஊர் வந்ததும் பையைவிட்டு வெளியே எடுத்து நன்றாக உலர்த்துங்கள், லேசான துருவை உரசு ரப்பரால் தேய்த்து எடுங்கள், பிறகு மெழுகை உருக்கி அடிப்பக்கத்திலும் விளிம்பின் மேலும் தடிமனாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் சுரண்டினால் போதும். மெழுகு உருக்கத் தனியாக ஓர் இஸ்திரிப் பெட்டி வேண்டும். நான் வீட்டுப் பெட்டியையே எடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக அப்பா எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் இன்னமும் ஒரு மஞ்சள் முக்கோணம் இருக்கிறது.