சென்சஸில் தாத்தா பெயரைத் தேடாதீர்கள்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, தொண்டி, பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது பூர்வீகம் தேடும் ஆர்வம் நிறையவே வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் பலருக்கு முதல் அடியே தப்பாகிவிடுகிறது. இங்கிலாந்தில் 100 வருடம் கழிந்ததும் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், 1921 கணக்கெடுப்பை 2022-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 72 வருடம். அதைப் பார்த்துவிட்டு, நம் ஊர் 1931 சென்சஸிலும் தாத்தா பெயர் இருக்கும், எங்கோ ஓர் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள் என்று அலைகிறார்கள்.

தரமாட்டார்கள். 1948-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 15-வது பிரிவு, கணக்கெடுப்பு ஊழியர் எழுதிய பதிவைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை, அதைச் சாட்சியமாகவும் ஏற்கக் கூடாது என்கிறது. இத்தனை வருடம் கழித்துத் திறப்போம் என்ற ஏற்பாடும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துத் தாள்களைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு முடித்ததும் பொதுவாக அப்புறப்படுத்திவிட்டார்கள். அதனால் பழைய சென்சஸிலிருந்து உங்கள் குடும்பப் பக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் சென்சஸே வேண்டாமா? வேண்டும். அறிக்கைகளும் அட்டவணைகளும் எல்லோருக்கும் திறந்தவை. 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் ஊர்வாரியாக மக்கள்தொகை இருக்கிறது, சென்சஸ் துறையின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஊர் எப்போது பெருத்தது, எப்போது சனம் வெளியேறியது என்று அதில் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

இங்கே நடக்கிற அடுத்த தவறு மாவட்டத்தில். ராமநாதபுரம் மாவட்டம் உண்டானதே 1910-ல்தான், 1901 அறிக்கையில் மதுரை மாவட்டத்துக்குள் ராமநாதபுரம் ஜமீன் என்று தேட வேண்டும். 1985-ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. 1931-ன் மாவட்டக் கணக்கில் காரைக்குடியும் சிவகாசியும் சேர்ந்தே இருப்பதால், அதை 2011 கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு சனத்தொகை விழுந்துவிட்டது என்று எழுதுவது சுத்தமாகத் தப்பு. தாலுகா, கிராமம் என்று கீழே இறங்கித்தான் ஒப்பிட வேண்டும்.

சரி, பெயர் எங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டால் முதலில் பழைய பத்திரம். ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று ஆரம்பிக்கும், பலதில் சாதியும் தொழிலும் இருக்கும். எல்லோரும் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள், அதுதான் பெரிய நஷ்டம். கீழே சொத்து விவரத்தில் நான்கு எல்லை சொல்லியிருப்பார்கள்: இன்னார் பனங்காட்டுக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு என்று. அந்த இன்னார்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒரே தகப்பன் நிலம் பாகம் பிரிந்து வந்ததாக இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரமே கிடைத்துவிட்டால் அண்ணன் தம்பி வரிசையே கையில் இருக்கிற மாதிரி. பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு நகல் வாங்கலாம்.

பத்திரமே இல்லாத கடல் தொழில் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் பங்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு, குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரி நோட்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் சொந்தத்தில்தான் வைப்பார்கள்.

பெயரை மட்டும் நம்பி ஆளை முடிவு செய்யாதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது, ஒரே கிராமத்தில் நாலு முனியசாமி, நாலு அந்தோணி, நாலு சேகு இருப்பார்கள். தகப்பன் பெயர், தெரு, தொழில், பெண் எடுத்த ஊர், இதில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் குடும்ப மரத்தில் ஏற்றக் கூடாது. வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, 40, 45, 50 என்று குத்துமதிப்பாகச் சொன்னதுதான் அதிகம்.

கடைசித் தவறு, தேடலைக் கரையோடு நிறுத்துவது. 1914-லிருந்து தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிச் சனம் பெரும்பாலும் மண்டபத்தில் இருந்த நோய்த்தடுப்பு முகாமைத் தாண்டித்தான் போனது. அங்கே பிறந்த பிள்ளையின் பதிவு இங்கே எந்தத் தாலுகாவிலும் கிடைக்காது, இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில்தான் கேட்க வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு (சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்) திரும்பி வந்தவர்கள் வீட்டில் தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை இருக்கும் (ரேஷன் அட்டை அல்ல), அதில் எல்லோர் பெயரும் உண்டு. பரண் சுத்தம் பண்ணும்போது அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். தனுஷ்கோடிக் குடும்பம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 1964 டிசம்பர் புயலில் ஊரே போய்விட்டது, 1961 சென்சஸ் எண்ணிக்கையில் அங்கே இருந்த சனத்தை 1971 எண்ணிக்கையில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் தேடுங்கள்.