கோஸ்ட் ட்ரிக்: பிணமாகக் கிடந்தபடியே துப்பறிவது எப்படி?

சண்டை வேண்டாம், கதை வேண்டும் என்று கேம் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'கோஸ்ட் ட்ரிக்: ஃபேன்டம் டிடெக்டிவ்'. 'ஏஸ் அட்டார்னி' என்ற வழக்கறிஞர் கேம் வரிசையைத் தொடங்கிய ஷு டகுமி எழுதி இயக்கியது. கேப்காம் நிறுவனம் 2010-ல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக வெளியிட்டது. 2023 ஜூனில் மெருகேற்றிய பதிப்பு ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி ஆகியவற்றுக்கு வந்தது. அதையே வாங்குங்கள். குரல் கிடையாது, எல்லாம் எழுத்துதான். தமிழ் இல்லை, ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். பட்டனை அழுத்தும்வரை வசனம் காத்திருக்கும் என்பதால் பயப்பட வேண்டாம்.

கதை ஒரே இரவில் நடக்கிறது. சிசெல் என்பவர் காயலான் கடை மாதிரி ஒரு கிடங்கில் ஆவியாகக் கண் விழிக்கிறார். எதிரே சிவப்பு கோட் போட்ட ஒரு பிணம். தன் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. பக்கத்தில் லின் என்ற பெண் துப்பறிவாளரை ஒரு கூலிக்கொலையாளி குறிவைத்து நிற்கிறான். விடிந்தால் சிசெலின் ஆவியும் இருக்காது. இதற்கு மேல் இணையத்தில் எதையும் தேடிப் படிக்காதீர்கள். விக்கிப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டாலே பாதி சுவை போய்விடும்.

முதல் படி, ஆவி உலகத்துக்குள் போவது. அதற்கான பட்டனை அழுத்தியதும் காலம் அப்படியே நிற்கும், பொருள்களில் ஆவி ஏறக்கூடிய உயிர்ப்புள்ளிகள் மட்டும் ஒளிரும். ஆற்றில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவுவது போல ஒவ்வொரு பொருளாகத் தாவிப் போக வேண்டும். எட்டும் தூரம் மிகக் குறைவு. உயிரோடு இருப்பவர் உடம்பில் ஏற முடியாது, பிணத்தில் முடியும்.

இரண்டாவது படி, ட்ரிக். ஏறியிருக்கும் பொருளின் பெயரும் அதை என்ன செய்யலாம் என்பதும் திரையில் தெரியும். நிஜ உலகத்துக்குத் திரும்பி ட்ரிக் பட்டனை அழுத்தினால் அது அசையும். கிடங்கில் இருக்கும் கேட் கட்டையைத் தூக்கிப் பாருங்கள், பிடி கிடைத்துவிடும். பொருள் அசைந்ததால் எட்டாத புள்ளி எட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனிதான் கேமின் உயிர்நாடி. யாராவது செத்தால், அந்தப் பிணத்தில் ஏறி, சாவுக்கு நான்கு நிமிடம் முன்னால் போகலாம். முதலில் நடந்தது முழுவதும் ஒரு முறை ஓடும். புதியவர்கள் பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். அந்தக் காட்சியை நன்றாகக் கவனியுங்கள்: யார் எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எது உருள்கிறது, எது கீழே விழுகிறது. ஒருவர் கையில் எடுத்துப் போகப்போகும் பொருளில் முன்கூட்டியே ஏறிக்கொண்டால், அவரே உங்களைச் சுமந்து போய் அடுத்த இடத்தில் சேர்ப்பார். பல புதிர்களில் விஷயம் எந்த ட்ரிக் என்பதல்ல, எந்த நொடியில் என்பதுதான். லின்னைக் காப்பாற்றும் முதல் கட்டத்திலேயே, கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டை விழ வைக்கும்போது இது புரியும். ஒரு நொடி பிந்தினாலும் குண்டு வீணாகத் தரையில் போய் இறங்கும்.

தோற்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது, எத்தனை முறை வேண்டுமானாலும் நான்கு நிமிடத்தைத் திரும்ப ஓட்டலாம். விதியைப் பாதி மாற்றிவிட்டால் அந்த இடத்திலிருந்தே தொடரும் வசதியும் உண்டு. ஆகவே காணொளியில் விடை பார்க்கும் முன், சும்மாவாவது எல்லாப் பொருளையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

இடம் மாறத் தொலைபேசிதான் வழி. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது கருவியில் ஏறினால், கம்பி வழியாக மறுமுனைக்குப் போய்விடலாம். அந்த எண்ணும் உங்கள் பட்டியலில் சேரும். எங்கே போவது என்று தெரியாமல் நின்றால், நீங்கள் காப்பாற்றியவர்களிடம் பேசுங்கள். ஒருமுறை செத்துப் பிழைத்தவர்களுக்கு உங்கள் பேச்சு கேட்கும். மிசைல் என்ற பொமரேனியன் நாயும் அதில் சேர்த்தி! டகுமி வளர்த்த நாயின் பெயராம் அது.

புதிய பதிப்பில் படத்துண்டுகளை நகர்த்திச் சேர்க்கும் குட்டிப் புதிர்கள் இருக்கின்றன. அவற்றைக் கதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போனால் கதையின் வேகம் அறுந்துவிடும்.