வீட்டுல மாத்துன கரண்ட் காரு: சார்ஜ் போடும்போது பண்ணக்கூடாதது

பழைய மாருதி 800, ஆம்னி எதையாச்சும் வாங்கி எஞ்சினை கழட்டிட்டு மோட்டாரு பேட்டரி வச்சு ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க கேக்குற மொத கேள்வி, பேட்டரி வெடிக்குமாண்ணே? அதுக்கு முன்னாடி பிளக்கு உருகும் தம்பி, அதை மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாய்ங்க. மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைன்னு கடலை ஒட்டுன ஊர்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏன்னா இங்க காத்துலயே உப்பு இருக்கு.

கணக்கு போட்டு பாருங்க. 3 கிலோவாட் இழுக்குற சார்ஜர்னா 230 வோல்ட்ல 13 ஆம்ப், அதுவும் மிக்ஸி மாதிரி ரெண்டு நிமிஷம் இல்ல, மணிக்கணக்கா விடாம இழுக்கும். சாக்கெட்டு உள்ள இருக்குற பித்தளைப் பட்டையில பச்சையா களிம்பு ஏறி அந்த எடத்துல அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துருச்சுன்னு வைங்க, 13 ஆம்ப்ல அங்க மட்டும் 84 வாட்ஸ் சூடு. சால்டரிங் அயர்னை சுவத்துக்குள்ள சொருகி வச்ச மாதிரிதான். இதுல கொடுமை என்னன்னா எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினா லைனை வெட்டுற சுவிட்சு, ட்ரிப் ஆகாது, அதைப் பொறுத்தவரை 13 ஆம்ப் நார்மல் கரண்ட். கரண்ட் லீக் ஆனா வெட்டுற ஆர்சிசிபியும் விழாது, ஏன்னா கரண்ட் எங்கயும் லீக் ஆகல. ரெண்டும் சும்மா பாத்துக்கிட்டே இருக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகி நாத்தம் வந்த பெறகுதான் வீட்ல யாராச்சும் கவனிப்பாங்க.

அதனால சார்ஜருக்குன்னு மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் வயர், நல்ல இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம், ஜன்னல் வழியா இழுத்து விடுறதெல்லாம் ஒரு நாளைக்குன்னு ஆரம்பிச்சு வருஷக்கணக்குல ஓடும். சார்ஜ் போட்டு அரை மணி கழிச்சு பிளக்கோட வெளிப்பக்கத்தை தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா சரி, கை வைக்க முடியலைன்னா எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு அப்பறம் புடுங்குங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது புடுங்காதீங்க, தீப்பொறி அடிச்சு காண்டாக்ட் இன்னும் கெட்டுப்போகும்.

லோ வோல்டேஜ் இன்னொரு தலைவலி. வோல்டேஜ் கம்மியானா சார்ஜரும் கம்மியா இழுக்கும்னு நெனைக்கிறாங்க, தப்பு. அது ஒரே பவரை வெளிய குடுக்கப் பாக்கும், அதனால 180க்கு எறங்குனா 13 ஆம்ப் கிட்டத்தட்ட 17 ஆயிரும், 16 ஆம்ப் சாக்கெட்டு அதைத் தாங்குமா? சார்ஜர்ல ஆம்ப் குறைக்குற வசதி இருந்தா குறைச்சு வைங்க, இல்லாட்டி ஊரு அடங்குன பெறகு போடுங்க.

சார்ஜர் மாத்திப் போடுறதுதான் பேட்டரிய நேரா கொல்றது. 48 வோல்ட்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு எடுத்து மாட்டிர்றாய்ங்க. 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லு சீரிஸ்ல இருந்தா ஃபுல் சார்ஜ் 58.4 வோல்ட், செல்லுக்கு 3.65. அதே 48ன்னு விக்குற என்எம்சி (இன்னொரு வகை லித்தியம்) பேக் 13 செல்லுதான், அதுக்கு 54.6க்கு மேல போகக்கூடாது, அதுல போயி 58.4 சார்ஜரை மாட்டுனா செல்லுக்கு 4.49 வருது, 4.2தான் அதோட எல்லை. செல்லுங்களை கண்காணிக்குற போர்டு, பிஎம்எஸ், கட் பண்ணிருமேன்னு சொல்லுவீங்க, பண்ணும், ஆனா பிஎம்எஸ்ஸு கடைசி காவல், அதை தெனமும் வேலை வாங்கக்கூடாது. லெட் ஆசிட் சார்ஜரும் லித்தியத்துக்கு ஆகாது, எல்லா செல்லையும் சமமாக்க வோல்டேஜை ஏத்துற ஈக்வலைஸ் மோடுக்கு போனா நாலு 12 வோல்ட் பேட்டரிக்குன்னு 60ஐ தாண்டி ஏத்தும்.

செத்த செல்லை எழுப்புறேன்னு பிஎம்எஸ்ஸ பைபாஸ் பண்ணி நேரா கரண்ட் குடுக்குற வீடியோவெல்லாம் சுத்துது. 2 வோல்ட்டுக்கு கீழ ரொம்ப நாள் கெடந்த செல்லுல உள்ள இருக்குற காப்பர் கரைஞ்சு, திரும்ப சார்ஜ் ஏத்தும்போது கண்ட எடத்துல படிஞ்சு உள்ளயே ஷார்ட் ஆகலாம். மாத்திருங்க, காசு பாக்காதீங்க.

பேட்டரி பக்கம் ஏசி எம்சிபிய போடுறதும் நெறைய நடக்குது. ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 தடவை ஜீரோ ஆகும், அதனால ஸ்பார்க் தானா அணையும், டிசியில அந்த வேலையே இல்ல, ஆர்க் நின்னு எரியும். டிசிக்குன்னு ரேட்டிங் போட்ட ஃபியூஸ், பேட்டரி பிளஸ்ஸுக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல. வயர் நுனியில மாட்டுற லக்கு டின் பூசுனதா வாங்குங்க, வெறும் செம்பு இந்த உப்புக்காத்துக்கு நிக்காது.

மத்தியான வெயில்ல ஓட்டிட்டு வந்த வேகத்துல சார்ஜ்ல போடாதீங்க, எல்எஃப்பி செல்லு பலதுக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக்கூடாதுன்னுதான் டேட்டாஷீட்ல இருக்கும், தகரக் கொட்டகைக்குள்ள நின்ன வண்டி எவ்வளவு இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. கீத்துக் கொட்டகை, மாடிப்படிக்கு அடியில, வீட்டுக்கு ஒரே வாசல் இருந்தா அந்த வாசல் முன்னாடி, இங்கெல்லாம் நிறுத்தி சார்ஜ் போடவே கூடாது. லெட் ஆசிட்னா காத்தோட்டம் கண்டிப்பா வேணும், ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் சேந்தாலே பத்திக்கும்.

எர்த்து எல்லாரும் மறந்துர்ற விஷயம். எர்த்துக்குன்னு பொதைச்ச ஜிஐ பைப்பு உப்பு மண்ணுல அரிச்சுப் போயிருக்கும், மேல பாத்தா வயரு நல்லாத்தான் தெரியும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, கோடையில மணல் காஞ்ச பெறகு ஒரு தடவை ஆளைக் கூப்புட்டு மீட்டர் வச்சுப் பாருங்க, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் போடுங்க. வண்டிய மாத்துறதுக்கு ஏஐஎஸ் 123 (கரண்ட் வண்டியா மாத்துறதுக்கான தர விதி) அப்ரூவல் உள்ள கிட், ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி திருத்தம், இது தனிக் கதை, ஆனா அது இல்லாம தீப்பிடிச்சா இன்சூரன்ஸ்ல போயி நிக்க முடியாது.

ஐப்பசி கார்த்திகையில புயல் அடிச்சு கடல் தண்ணி வண்டிக்குள்ள ஏறிருச்சுன்னா காய வச்சு சார்ஜ் போட்டுப் பாப்போம்னு தயவுசெஞ்சு நெனைக்காதீங்க. தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ள ஒட்டிக்கிட்டு பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் பாதை போட்டு வச்சிருக்கும், பல நாள் கழிச்சுக்கூட தீப்பிடிக்கும். வண்டிய வீட்டை விட்டு தள்ளி வெட்டவெளியில நிறுத்துங்க, பேக்கை பிரிக்கிற வேலைய தெரிஞ்ச ஆளு பாக்கட்டும். பத்திருச்சுன்னா ஆளுங்களை வெளிய கூட்டிட்டு வந்து 101க்கு இல்ல 112க்கு போன் போட்டு லித்தியம் பேட்டரின்னு மொதல்லயே சொல்லிருங்க, தீயணைக்குற டிசிபி பவுடர் அடிச்சா தீ அமுங்கும், ஆனா சூடு எறங்காது, மறுபடி பத்தும், அதுக்கு தண்ணி நெறைய வேணும்.