செயின் ஆயிலைச் சாயங்காலம் விடுங்கள்

பைக் செயினுக்குக் காலையில் கிளம்பும்போது ஆயில் விடாமல், சாயங்காலம் வீடு திரும்பியதும் விடுங்கள். ஊட்டி, குன்னூர் குளிரில், செயினுக்கு விடும் 90 நம்பர் கியர் ஆயில் காலையில் கெட்டியாக இருக்கும், மேலேயே நின்றுவிடும். ஓடி வந்த செயினின் சூட்டில் அது இளகி, கண்ணிகளுக்கு நடுவே உருளும் ரோலருக்குள் இறங்கும். ராத்திரி மிச்சம் வடிந்துவிடும், காலையில் துணியால் ஒரு துடை துடைத்தால் பின் டயரில் தெறிக்காது. கொண்டை ஊசி வளைவில் டயரில் ஆயில் இருப்பது உயிருக்கே ஆபத்து.

இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி, கீழ்ச் செயினின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இன்ஜின் ஓடும்போது வேண்டவே வேண்டாம், விரல் சிக்கும்.

மழையில் நனைந்து வந்த அன்று இது சரிப்படாது. முதலில் துடைத்து உலர விட வேண்டும். பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு இந்த வேலையே இல்லை.