டிக்கியில் நாய் வழுக்காமல் நிற்க: ரப்பர் மேட்டை அசையாமல் பொருத்தும் முறை

டிக்கியில் ஏற்றிய நாய் முதல் வளைவிலேயே பின்னங்கால்களை அகட்டி, வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்குகிறதா? பிளாஸ்டிக் ட்ரேயில் நகம் கீறும் சத்தம் கேட்கிறதா? எச்சில் ஒழுகுவதைப் பார்த்து, கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் வாந்தி மாத்திரை தேடுகிறார்கள். பல நேரங்களில் சிக்கல் வயிற்றில் இல்லை, காலடியில்தான் இருக்கிறது. நாயின் பாத மெத்தைகளில் வியர்வை சுரக்கும், பயந்தால் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். எச்சிலும் சேர்ந்துகொண்டால் அந்தப் பிளாஸ்டிக், பாசி பிடித்த கிணற்றுப் படி போல ஆகிவிடும். இடுப்பு மூட்டு பலவீனமாக இருக்க வாய்ப்புள்ள லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, அப்புறம் எந்த இனமானாலும் வயதான நாய்கள், இவற்றுக்கு ஒவ்வொரு சறுக்கலும் மூட்டில் வலியாகத்தான் போய் முடியும்.

வழுக்கல் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று பாதத்துக்கும் மேட்டுக்கும் நடுவே, மற்றது மேட்டுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே. எல்லோரும் முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் மேட் விரற்கடை விரற்கடையாக முன்னால் நகர்ந்து சீட்டோரம் சுருண்டுகொள்ளும். பின்கதவுப் பக்கம் ஒரு சாண் வெறும் பிளாஸ்டிக் தெரியும். அடுத்த முறை நாய் துள்ளி ஏறும்போது கால் வைப்பது சரியாக அந்த ஒரு சாணில்தான்.

இந்த முறை ஹேட்ச்பேக், எஸ்யூவி, எம்பிவி வண்டிகளுக்கு மட்டும். செடான் காரின் மூடிய டிக்கியில் நாயை ஏற்றவே கூடாது. அங்கே காற்றோட்டமும் இல்லை, ஏசியும் எட்டாது.

வாங்க வேண்டியவை

கோடு போட்ட ரப்பர் ஷீட், 4 அல்லது 5 மி.மீ. கனம். ரப்பர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு மீட்டருக்கு 80 செ.மீ. அளவில் 5 மி.மீ. ஷீட் சுமார் 6 கிலோ இருக்கும், அந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் தடித்த மேட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். தூக்கிக் கழுவ முடியாது, டிக்கிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னியை எடுக்கவும் விடாது.

வெல்க்ரோ பட்டையில் கொக்கிப் பக்கம் மட்டும், 2 இஞ்ச் அகலத்தில் 2 மீட்டர். ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை ஒரு சின்ன டப்பா. 80-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒன்று, கொஞ்சம் தின்னர், புது பிளேடு போட்ட கட்டர், பழைய செய்தித்தாள்.

யோகா மேட் வேண்டாம், ஈரம் பட்டால் அதுவே வழுக்கும். குழந்தைகள் அறைக்குப் போடும் ஜிக்சா ஃபோம் மேட்டும் வேண்டாம். நகத்துக்குத் தாங்காது, வெயிலில் நிற்கும் காருக்குள் சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். எல்லாவற்றையும் விட முக்கியம், குட்டி நாய் அதைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நார் மேட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒரு தடவை சிறுநீர் ஊறினால் அந்த வாடை போகாது. பெட்ஷீட் விரிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வழுக்கும் தரைமேல் வழுக்கும் துணி.

அளவெடுத்து வெட்டுதல்

டிக்கி நேர்சதுரமாக இருக்காது, சக்கர வளைவு இரண்டு பக்கமும் உள்ளே துருத்தி நிற்கும். செய்தித்தாளை டேப் போட்டு ஒட்டிப் பெரிதாக்கி, உள்ளே விரித்து, ஓரங்களை நகத்தால் அழுத்தி மடித்து வெட்டுங்கள். அந்தத் தாளை ரப்பரின் பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். நிமிர்த்தி வைத்தால் இடதும் வலதும் மாறிவிடும். சுற்றிலும் 5 மி.மீ. குறைத்து வெட்டினால் போதும். ரப்பரின் கோடுகள் காரின் குறுக்கே ஓட வேண்டும். கோடு முன்பின்னாக ஓடினால் பிரேக் அடிக்கும்போது பாதம் அதே வழியில் சறுக்கிக்கொண்டு போகும்.

புது ரப்பரின் வாடை கடுமையாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, நிழலில் காற்றாட நான்கைந்து நாள் போட்டுவிடுங்கள். நமக்கு லேசாகத் தெரியும் வாடை நாய்க்குத் தாங்காது.

வெல்க்ரோ ஒட்டுதல்: பலருக்கும் கோணலாகும் இடம்

பிளாஸ்டிக் ட்ரேயை எடுத்துவிட்டால், பெரும்பாலான கார்களின் டிக்கித் தரை கார்ப்பெட்தான். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் அந்தக் கார்ப்பெட்டை நேரடியாகவே கவ்விக்கொள்ளும், மெத்துப் பக்கம் தேவையில்லை. முதலில் ஒரு சின்னத் துண்டைக் கார்ப்பெட்டில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கவ்வவில்லை என்றால், அழுத்திய மெல்லிய ஃபெல்ட் வகைக் கார்ப்பெட் அது. கீழே சொல்லும் மாற்று வழிக்குப் போய்விடுங்கள்.

பின்னால் ஸ்டிக்கர் பசையோடு வரும் வெல்க்ரோவை வாங்காதீர்கள். மூடிய காரின் சூட்டில் அந்தப் பசை இளகி, பட்டை கார்ப்பெட்டோடு நின்றுவிடும், மேட் மட்டும் கையோடு வரும். ரப்பர் பசை போட்டும் உரிந்துவருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் வெள்ளைப் பவுடர். கழுவினாலும் நுண்ணிய துளைகளில் தங்கிவிடும். பசை ரப்பரைப் பிடிக்காமல் அந்தப் பவுடரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் பட்டை வரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய், சாக்பீஸால் எழுதலாம் போல மங்கலாக வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தால் துணியில் வெள்ளை வரும். வெள்ளை வருவது நிற்கும்வரை துடைத்துக்கொண்டே இருங்கள்.

பசையை ரப்பரிலும் வெல்க்ரோவின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் சும்மா விட்டுவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நடுவில் அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பசை கொழகொழவென்றே இருக்கும். விரல் முட்டியால் தொட்டால் நூல் இழுக்காமல் பிசுபிசுப்பு மட்டும் தெரிய வேண்டும், அதுதான் பதம். ஒட்டியபின் நகர்த்த முடியாது என்பதால் ஒரு முனையிலிருந்து பார்த்து இறக்கி, சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். மேலே பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். வேலை முழுவதும் வெளியே, அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும்.

நான்கு மூலைகளிலும் ஓரத்தை ஒட்டியே பட்டை வேண்டும். படுக்கும் முன் தோண்டுவது நாய்க்குப் பழக்கம், மூலை தூக்கியிருந்தால் முதலில் அதைத்தான் பிராண்டும். மீதியை முன் ஓரத்தில் இரண்டு, பின் ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று எனப் பிரித்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கலாமா என்றால், உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் தையல் ஓட்டை வழியே சிறுநீர் கார்ப்பெட்டுக்கு இறங்கும். வயதான நாய் என்றால் தைக்க வேண்டாம்.

மாற்று வழி: கார்ப்பெட் கவ்வாவிட்டாலோ, பிளாஸ்டிக் ட்ரே கட்டாயம் வேண்டும் என்றாலோ, சமையலறை அலமாரியில் விரிக்கும் வலை போன்ற ரப்பர் விரிப்பை மேட்டின் முழு அளவுக்கும் அடியில் போடுங்கள். துண்டு துண்டாகப் போட்டால் வேலைக்காகாது. தூசி ஏறினால் பிடிப்பு போய்விடும், மாதம் ஒருமுறை அலச வேண்டும்.

பின்சீட்டை மடித்திருந்தால்

சீட்டு முதுகுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். கால் மாட்டி முறியும் இடம் அது. 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை அதன் மேல் பாலம் போல வைத்து, அதற்கும் சேர்த்து ரப்பர் வெட்டுங்கள். பலகை இரண்டு பக்கமும் குறைந்தது 15 செ.மீ. ஊன்றியிருக்க வேண்டும்.

பெல்ட்

வழுக்காத தரை பிரேக்குக்கும் வளைவுக்கும்தான், விபத்துக்கு அல்ல. 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டாத நாய் முன்னால் மோதும் வேகம் சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் வேகத்துக்குச் சமம். மார்புப் பட்டையில்தான் பெல்ட்டை மாட்ட வேண்டும், கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கூடாது. டிக்கி ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி மளிகைப் பை தொங்கவிட வைத்தது, நாயின் எடையைத் தாங்காது. தரையில் போல்ட் போட்ட இரும்பு வளையமோ, சீட்டு முதுகில் குழந்தை இருக்கைக்கான மேல் பெல்ட் மாட்டும் வளையமோ இருந்தால் அதில் மாட்டுங்கள். நாய் எழுந்து நிற்க, திரும்ப, படுக்க நீளம் போதும். சீட்டைத் தாண்டும் அளவுக்கு வேண்டாம்.

சோதனை

நாயை ஏற்றும் முன் 10 கிலோ அரிசிப் பையை மேட்டின் நடுவில் வைத்து, ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் போய் அழுத்திப் பிரேக் போடுங்கள். பை நகரலாம், மேட் நகரக் கூடாது. மேட் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் தெளிவாகத் தெரியும்.

பின்னர் சேர்த்தவை

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்கள் வெறும் ரப்பரில் நெடுநேரம் படுத்தால் முழங்கை தோல் காய்த்துப்போகும். அடிப்பக்கம் ரப்பர் வைத்த கம்பளி விரிப்பை, நாய் படுக்கும் பக்கம் மட்டும் போடுங்கள். ஏறும் பக்கம் ரப்பர் வெளியே தெரியட்டும்.

எல்லாம் செய்தும் வழுக்குகிறது என்றால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். லாப்ரடார், கோல்டன், ஸ்பிட்ஸ் நாய்களுக்கு மெத்தைகளுக்கு நடுவே முடி வளர்ந்து தரையில் படும். முனை மழுங்கிய கத்தரியால் மெத்தை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள், நகத்தையும் பாருங்கள்.

கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும். ஏற்றும் முன் உள்ளங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. டிக்கியை மேலே மூடும் பலகையான பார்சல் ட்ரேயைக் கழற்றிவிட்டால்தான் ஏசி காற்று பின்னால் வரும். காற்றுக்காகப் பின்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டுவது ஆபத்து, சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும்.